தாம்பரம் வட்டார அஞ்சலகங்கள்

சென்னைக்குத் தெற்கே பரங்கிமலையிலிருந்து வண்டலூர் வரை, ஜி.எஸ்.டி. சாலையையும் தொடர்வண்டிப் பாதையையும் ஒட்டி வரிசையாக அமைந்துள்ளவை தாம்பரம் வட்டார அஞ்சலகங்கள். பரங்கிமலை, மீனம்பாக்கம், பல்லாவரம், குரோம்பேட்டை, தாம்பரம் சானடோரியம், மேற்குத் தாம்பரம், கிழக்குத் தாம்பரம், வண்டலூர் ஆகிய பெயர்களில் இவை வழங்குகின்றன. இப்பெயர்களில் பலவற்றுக்குப் பின்னால் ஒரு நிறுவனம் உள்ளது. படைமுகாம், தோல் தொழிற்சாலை, காசநோய் மருத்துவமனை, கல்லூரி, விமான நிலையம் என ஒவ்வொன்றும் இவ்வட்டாரத்தில் ஓர் ஊரை வளர்த்தன. அந்நிறுவனங்களில் சில மறைந்துவிட்டன, சில உருமாறிவிட்டன. அவற்றின் பெயர்கள் மட்டும் அஞ்சல் முகவரியில் நிலைத்துள்ளன. தாம்பரம் சென்னை மாநகராட்சிக்குள் ஒருபோதும் இருந்ததில்லை. எனினும் அங்கு வாழ்பவர்கள் தம் முகவரியைச் ‘சென்னை-45’ என்றே எழுதுகின்றனர். இந்த வழக்கமும் அஞ்சல் துறை தந்ததே.

தென்திசைத் தபால் வழி

சென்னையில் பொதுமக்களும் பயன்படுத்தக்கூடிய அஞ்சல் நிலையம் 1786ஆம் ஆண்டு ஜூன் 1ஆம் நாள் புனித ஜார்ஜ் கோட்டை வளாகத்தில் திறக்கப்பட்டது. அப்போது சென்னையிலிருந்து புறப்படும் கடிதங்களுக்கு மூன்று வழிகள் வகுக்கப்பட்டன. ஒன்று வடக்கே கஞ்சம் வரை சென்றது. மற்றொன்று மேற்கே வேலூர் வரை சென்றது. மூன்றாவது வழி தென்மேற்கே திருவிதாங்கூர்க் கடற்கரையில் இருந்த அஞ்சுதெங்கு வரை சென்றது. அக்காலத்தில் பம்பாய்க்குக் கடிதம் அனுப்ப அஞ்சுதெங்கு வழியே குறுகிய வழியாகக் கருதப்பட்டது.

கடிதப் பைகளைச் சுமந்து சென்றவர்கள் ஓட்டக்காரர்கள். ஒருவர் குறிப்பிட்ட தொலைவு ஓடிப் பையை அடுத்தவரிடம் ஒப்படைப்பார். கையில் ஈட்டியும் அதில் கட்டிய மணியும் அவர்களின் அடையாளங்கள். வடஇந்தியாவில் ‘டாக்’ எனப்பட்ட இப்பணி தென்னிந்தியாவில் ‘தப்பால்’ எனப்பட்டது. அதுவே பேச்சு வழக்கில் தபால் ஆயிற்று. இன்று அரசு வழக்கில் உள்ள ‘அஞ்சல்’ என்ற சொல், திருவிதாங்கூர், கொச்சி அரசுகள் நடத்திய தனி அஞ்சல் சேவையின் பெயராகவும் இருந்தது. அச்சேவை 1951இல் இந்திய அஞ்சல் துறையுடன் இணைக்கப்பட்டது.

தொடக்கத்தில் கடிதத்தின் எடையோடு அது செல்லும் தொலைவையும் கணக்கிட்டுக் கட்டணம் வாங்கப்பட்டது. தொலைவு கூடக் கூடச் செலவும் கூடியதால் எளியவர்கள் கடிதம் அனுப்புவது அரிதாக இருந்தது. 1854இல் இயற்றப்பட்ட அஞ்சல் சட்டம் இம்முறையை மாற்றியது. அவ்வாண்டு அக்டோபர் 1 முதல் இந்தியா முழுவதற்கும் பொதுவான அஞ்சல் தலைகள் விற்பனைக்கு வந்தன. கால் தோலா, அதாவது ஏறத்தாழ 3 கிராம் எடையுள்ள கடிதத்துக்கு, தொலைவு எதுவாயினும் அரை அணா கட்டணம் என்று விதிக்கப்பட்டது. பரங்கிமலையிலிருந்து மயிலாப்பூருக்கும் பெஷாவருக்கும் ஒரே கட்டணமானது. 1879இல் கால் அணா அஞ்சல் அட்டை வந்தபின் செலவு மேலும் பாதியாகக் குறைந்தது. 1880இல் பணவிடை முறையும், 1882 முதல் அஞ்சலகச் சேமிப்பு வங்கியும் தொடங்கின. சிற்றூர் அஞ்சலகம் கடிதம் வாங்கும் இடமாக மட்டுமன்றிப் பணம் அனுப்பும் இடமாகவும் பணம் சேர்க்கும் இடமாகவும் ஆனது இவ்வாறுதான்.

பரங்கிமலை: படைமுகாமும் அஞ்சலும்

இவ்வட்டாரத்தின் அஞ்சல் வரலாறு பரங்கிமலையில் தொடங்குகிறது. புனித தோமையார் மலை என்றும் வழங்கப்படும் இக்குன்றின் அடிவாரத்தில் 1774இல் ஆங்கிலேயக் கிழக்கிந்தியக் கம்பெனி படைமுகாம் அமைத்தது. சென்னைப் படையின் பீரங்கிப் பிரிவுக்கு இது தலைமையிடமாக விளங்கியது. கோட்டையிலிருந்து இந்த மலைக்குச் சென்ற சாலையே மவுண்ட் ரோடு. இன்று அது அண்ணா சாலை. அடையாற்றின் குறுக்கே மர்மலாங் பாலத்தை ஆர்மீனிய வணிகரான கோஜா பெட்ரூஸ் உஸ்கான் 1726இல் தம் சொந்தச் செலவில் கட்டினார். பரங்கிமலை உச்சிக்குச் செல்லும் படிகளை அமைத்தவரும் அவரே. பாலம் அமைந்தபின் கோட்டைக்கும் மலைக்கும் இடையே போக்குவரத்து எளிதானது.

நில அளவை வரலாற்றிலும் இம்மலைக்கு இடமுண்டு. வில்லியம் லாம்டன் 1802ஆம் ஆண்டு ஏப்ரல் மாதத்தில் பரங்கிமலை அருகிலிருந்து பெரும்பாக்கம் குன்று நோக்கி ஏறத்தாழ 12 கிலோமீட்டர் நீளமுள்ள அடிக்கோட்டைச் சங்கிலி கொண்டு அளந்தார். இந்தியா முழுவதையும் அளந்த மாபெரும் முக்கோணவியல் அளவை அந்தக் கோட்டிலிருந்து வளர்ந்தது.

படைமுகாமும் அஞ்சலும் ஒன்றையொன்று சார்ந்தவை. அரசாணைகள், சம்பளக் கணக்குகள், இடமாற்ற உத்தரவுகள் யாவும் கடிதமாகவே வந்தன. குடும்பத்தைப் பிரிந்து வாழும் சிப்பாய்க்கு ஊர்ச் செய்தியும் கடிதத்தில்தான் வந்தது. பரங்கிமலை தலைமை அஞ்சலகம் இன்று 600016 என்ற குறியீட்டு எண்ணைக் கொண்டுள்ளது. இவ்வட்டாரத்தின் பழைய அஞ்சலகங்களில் சென்னை நகரின் தொடக்க எண்களை ஒட்டிய எண் பெற்றது இதுவே. படைமுகாமின் ஆட்சிக்காக அமைந்த பரங்கிமலை–பல்லாவரம் கண்டோன்மென்ட் வாரியமும் இருபெயர்களையும் இணைத்தே வழங்கி வந்தது.

பல்லாவரம்: அச்சும் வி.பி.பி.யும்

பல்லாவரம் நீண்டகாலம் படைக் குடியிருப்பாகவும் தோல் பதனிடும் ஊராகவும் அறியப்பட்டது. தமிழ் நூல் பதிப்பு வரலாற்றில் இவ்வூர் இடம்பெறக் காரணமானவர் மறைமலையடிகள். சென்னைக் கிறித்தவக் கல்லூரியில் 1898 முதல் தமிழாசிரியராகப் பணியாற்றிய அவர், 1911இல் அப்பணியிலிருந்து விலகிப் பல்லாவரத்தில் குடியேறினார். 1950ஆம் ஆண்டு செப்டம்பர் 15இல் மறையும் வரை அவர் வாழ்ந்த ஊர் இதுவே. தமது இதழையும் நூல்களையும் அச்சிடச் சொந்த அச்சுக்கூடமும் வைத்திருந்தார். அவருடைய நூல்களின் முகப்பில் பல்லாவரம் பதிப்பிடமாகப் பொறிக்கப்பட்டது. அவ்வாறு ஒரு சிற்றூரின் பெயர் தமிழ் படிக்கத் தெரிந்த தொலைநாட்டவரையும் எட்டியது.

நகரத்துப் புத்தகக் கடைகளை நம்பாமல் சிற்றூரிலிருந்து நூல் வெளியிடுவது அக்காலத்தில் இயலக் காரணம் அஞ்சல் துறையின் வி.பி.பி. முறை. 1877இல் தொடங்கிய இம்முறையில், நூலை அனுப்புபவர் அதன் விலையைக் குறிப்பிட்டு அஞ்சலகத்தில் ஒப்படைப்பார். வாங்குபவர் தபால்காரரிடம் பணம் கொடுத்த பிறகே பொதி அவர் கைக்கு வரும். அஞ்சலகம் அப்பணத்தை அனுப்பியவருக்குச் சேர்க்கும். முன்பின் அறியாத இருவர் ஒருவரையொருவர் நம்பி வணிகம் செய்ய அஞ்சலகம் நடுவில் நின்றது. இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் தமிழ் இதழ்களும் நூல்களும் பர்மா, இலங்கை, மலாயா வரை சென்றதற்கு அஞ்சல் பொதிகளே அடிப்படை.

குரோம்பேட்டை: தொழிற்சாலை தந்த பெயர்

பல்லாவரத்துக்குத் தெற்கே உள்ள குரோம்பேட்டைக்கு அப்பெயர் தோல் பதனிடும் முறையால் வந்தது. மரப்பட்டைச் சாறு கொண்டு தோல் பதனிடுவது பழைய முறை. குரோமியம் உப்புகளைக் கொண்டு விரைவாகப் பதனிடும் புதிய முறை இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் சென்னைக்கு வந்தது. ஆல்பிரட் சாட்டர்டன் அரசுச் சார்பில் இதற்கான சோதனைகளைச் சென்னையில் நடத்தினார். சேம்பர்ஸ் என்ற ஆங்கிலேயத் தொழில் முனைவர் பல்லாவரம் அருகே குரோம் லெதர் நிறுவனத்தை நடத்தினார். அந்நிறுவனத்தைச் சுற்றி வளர்ந்த குடியிருப்பு குரோம்பேட்டை ஆயிற்று.

‘பேட்டை’ என்பது சந்தையும் கைத்தொழிலும் கூடும் இடத்துக்கான பழைய சொல். சைதாப்பேட்டை, தண்டையார்பேட்டை வரிசையில் ஒரு வேதிப்பொருளின் பெயரோடு பேட்டை சேர்ந்தது இங்குதான். தொழிற்சாலை இயங்குவது நின்ற பிறகும் தொடர்வண்டி நிலையமும் அஞ்சலகமும் அப்பெயரைத் தாங்கின. 1949இல் சி. ராஜம் நிறுவிய சென்னைத் தொழில்நுட்பக் கழகமான எம்.ஐ.டி. இங்கு அமைந்தது. அதன்பின் குரோம்பேட்டை என்றால் தோல் என்று நினைத்தவர்கள் குறைந்து, பொறியியல் என்று நினைத்தவர்கள் கூடினர். முகவரி மட்டும் மாறவில்லை. குரோம்பேட்டையின் அஞ்சல் குறியீட்டு எண் 600044.

சானடோரியம்: கடிதத்தை எதிர்பார்த்த ஊர்

தாம்பரம் சானடோரியம் இவ்வட்டாரத்தின் மிகத் தனித்தன்மை வாய்ந்த அஞ்சல் முகவரி. காசநோய்க்கு மருந்து இல்லாத காலத்தில் தூய காற்று, வெயில், ஓய்வு, சத்துணவு ஆகியவையே சிகிச்சையாக இருந்தன. அதற்காக நகருக்கு வெளியே அமைக்கப்பட்ட மருத்துவ நிலையங்களே சானடோரியங்கள். இங்கிலாந்தில் மெண்டிப் மலைப் பகுதியில் சானடோரியம் நடத்தி அனுபவம் பெற்ற மருத்துவர் டேவிட் சௌரி முத்து, 1928இல் தாம்பரம் அருகே 250 ஏக்கர் பரப்பில் ஒரு சானடோரியத்தை நிறுவினார். கணித மேதை இராமானுஜன் இங்கிலாந்தில் நோயுற்றிருந்தபோது சிகிச்சை பெற்ற இடங்களில் சௌரி முத்துவின் மெண்டிப் சானடோரியமும் ஒன்று. தாம்பரம் சானடோரியத்தை 1937இல் சென்னை மாகாண அரசு ஏற்றுக்கொண்டது.

சானடோரியத்தில் நோயாளிகள் மாதக்கணக்கில், சிலர் ஆண்டுக்கணக்கில் தங்கினர். தொற்று அச்சத்தால் உறவினர் வருகை குறைவு. தொலைபேசி வசதி சாதாரணக் குடும்பங்களுக்கு இல்லை. வெளியுலகோடு நோயாளிக்கு இருந்த தொடர்பு பெரும்பாலும் கடிதமே. செலவுக்குப் பணம் வருவது பணவிடை வழியாக. ஆகவே இங்கு அஞ்சலகம் மருத்துவமனையின் ஓர் அங்கம் போலவே பயன்பட்டது. மலிவான அஞ்சல் அட்டையில் எழுதினால் கைமாறும் இடமெல்லாம் யாரும் அதைப் படிக்கலாம். நோயை அக்கம்பக்கத்தாருக்குச் சொல்ல அஞ்சிய குடும்பங்களுக்கு அது இடையூறு. உறைக்குக் கூடுதல் செலவாகும். 1950ஆம் ஆண்டு அக்டோபர் 2இல் அறிமுகமான உள்நாட்டுக் கடிதத் தாள் இந்த இரண்டுக்கும் நடுவே ஒரு வழி தந்தது. மடித்து ஒட்டினால் செய்தி மறைந்திருக்கும், விலையும் குறைவு.

சானடோரியங்களின் காலத்தை முடித்ததிலும் சென்னைக்குப் பங்குண்டு. 1956இல் சென்னையில் காசநோய் மருந்துச் சிகிச்சை ஆய்வு மையம் நிறுவப்பட்டது. வீட்டில் தங்கி மருந்து உண்பவர்களையும் சானடோரியத்தில் தங்கி மருந்து உண்பவர்களையும் அம்மையம் ஒப்பிட்டு ஆராய்ந்தது. 1959இல் வெளியான முடிவுகள், மருந்தை ஒழுங்காக உட்கொண்டால் வீட்டுச் சிகிச்சையும் ஏறத்தாழ அதே பலனைத் தருகிறது என்று காட்டின. உலகெங்கும் சானடோரியங்கள் படிப்படியாக மூடப்பட இது ஒரு காரணமாயிற்று. தாம்பரம் சானடோரியம் மூடப்படாமல் அரசு நெஞ்சக நோய் மருத்துவமனையாக வளர்ந்தது. 1993 முதல் எச்.ஐ.வி. நோயாளிகளுக்குச் சிகிச்சை அளித்து நாட்டின் முதன்மையான மையங்களுள் ஒன்றானது. 2005இல் தேசிய சித்த மருத்துவ நிறுவனமும் இதன் அருகில் திறக்கப்பட்டது.

இன்று உலகின் பல நாடுகளில் ‘சானடோரியம்’ என்ற சொல் வழக்கொழிந்துவிட்டது. தாம்பரத்தில் அது தொடர்வண்டி நிலையத்தின் பெயர், பேருந்து நிறுத்தத்தின் பெயர், 600047 என்ற அஞ்சல் முகவரியின் பெயர். சிகிச்சை முறை மறைந்து அரை நூற்றாண்டு கடந்தபின்னும் ஓர் ஊர் அதன் பெயரால் அழைக்கப்படுகிறது.

இருப்புப்பாதையும் இரண்டு தாம்பரங்களும்

பத்தொன்பதாம் நூற்றாண்டின் பிற்பகுதியில் சென்னையிலிருந்து செங்கல்பட்டு வழியாகத் தெற்கே இருப்புப்பாதை அமைந்தது. ஓட்டக்காரர்கள் சுமந்த பைகள் தொடர்வண்டிக்கு மாறின. ஓடும் வண்டியிலேயே கடிதங்களைப் பிரித்து அடுக்கும் ரயில்வே அஞ்சல் சேவை வளர்ந்தது. 1914இல் பாம்பன் பாலம் திறக்கப்பட்டபின் எழும்பூரிலிருந்து தனுஷ்கோடி வரை ‘போட் மெயில்’ ஓடியது. அங்கிருந்து கப்பலில் தலைமன்னார் சென்று, மீண்டும் தொடர்வண்டியில் கொழும்பை அடையலாம். சென்னைக்கும் இலங்கைக்கும் இடையிலான கடிதங்கள் தாம்பரத்தைக் கடந்தே சென்றன. 1964ஆம் ஆண்டு டிசம்பர் மாதப் புயலில் தனுஷ்கோடி அழிந்ததும் அவ்வழி நின்றது.

1931ஆம் ஆண்டு மே 11இல் சென்னைக் கடற்கரைக்கும் தாம்பரத்துக்கும் இடையே மின்சாரத் தொடர்வண்டிப் போக்குவரத்து தொடங்கியது. ஏறத்தாழ 29 கிலோமீட்டர் நீளமுள்ள இந்த மீட்டர்கேஜ் பாதை புறநகரின் இயல்பையே மாற்றியது. நகர அலுவலகத்தில் வேலை பார்ப்பவர் ஏரிக்கரை ஊரில் மனை வாங்கிக் குடியிருக்க முடிந்தது. புதிய நகர்கள் தோன்றின. புதிய வீடுகளுக்குக் கடிதம் கொண்டு சேர்க்கும் பொறுப்பு அஞ்சலகத்தின் மேல் விழுந்தது.

1937இல் சென்னைக் கிறித்தவக் கல்லூரி, ஜார்ஜ் டவுனிலிருந்து தாம்பரத்துக்கு இடம்பெயர்ந்தது. சேலையூர்க் காட்டை ஒட்டிய பரந்த நிலத்தில் வகுப்பறைகளும் மாணவர் விடுதிகளும் எழுந்தன. தமிழகத்தின் பல மாவட்டங்களிலிருந்தும் வெளி மாகாணங்களிலிருந்தும் மாணவர்கள் வந்து தங்கினர். விடுதி மாணவருக்கு வீட்டிலிருந்து வரும் பணவிடையும் கடிதமும் மாத வாழ்க்கையின் அச்சாணி. 1938ஆம் ஆண்டு டிசம்பரில் இக்கல்லூரி வளாகத்தில் பன்னாட்டு மிஷனரி மன்றத்தின் மாநாடு நடைபெற்றது. பல நாடுகளிலிருந்து நானூறுக்கும் மேற்பட்ட பேராளர்கள் கலந்துகொண்டனர். அதன் கட்டுரைகள் ஏழு தொகுதிகளாகத் தாம்பரத்தின் பெயரிலேயே வெளிவந்தன. கிறித்தவத் திருச்சபை வரலாறு படிப்போர் இன்றும் ‘தாம்பரம் 1938’ என்றே அதைக் குறிப்பிடுகின்றனர்.

இருப்புப்பாதை தாம்பரத்தை இரண்டாகப் பிரிக்கிறது. மேற்கே கடைவீதியும் நகராட்சியும் வளர்ந்தன, கிழக்கே கல்லூரியும் விமானப்படை நிலையமும் வளர்ந்தன. அஞ்சல் துறையும் இப்பிரிவை ஏற்றது. மேற்குத் தாம்பரத்துக்கு 600045, கிழக்குத் தாம்பரத்துக்கு 600059. ஒரே ஊர்ப்பெயர், இடையில் சில தண்டவாளங்கள், எண்கள் மட்டும் வேறு. ‘ஈஸ்ட்டா, வெஸ்ட்டா’ என்ற கேள்வி தாம்பரத்தில் முகவரி கேட்கும் எவருக்கும் முதலில் எழுவது. 1954 முதல் விமானப் பயிற்றுநர் பள்ளி இயங்கும் விமானப்படை நிலையத்துக்கு 600046 எனத் தனி எண் உண்டு.

மீனம்பாக்கம்: வான்வழி அஞ்சல்

1932ஆம் ஆண்டு அக்டோபர் 15இல் ஜே.ஆர்.டி. டாட்டா கராச்சியிலிருந்து பம்பாய்க்கு அஞ்சல் பைகளுடன் சிறு விமானத்தை ஓட்டி வந்தார். பம்பாயிலிருந்து பெல்லாரி வழியாகச் சென்னை வரையான பகுதியை நெவில் வின்சென்ட் ஓட்டினார். பயணிகளுக்காக அன்றி அஞ்சலுக்காகத் தொடங்கிய இச்சேவையே பின்னாளில் ஏர் இந்தியாவாக வளர்ந்தது.

சென்னையின் விமான நிலையம் பரங்கிமலைக்குத் தெற்கே மீனம்பாக்கத்தில் அமைந்தது. 1949இல் இந்திய அரசு இரவு வான்வழி அஞ்சல் சேவையைத் தொடங்கியது. சென்னை, பம்பாய், கல்கத்தா, தில்லி ஆகிய நான்கு நகரங்களிலிருந்தும் இரவில் விமானங்கள் புறப்பட்டு, நாட்டின் நடுவே உள்ள நாக்பூரில் சந்திக்கும். அங்கே பைகளை மாற்றிக்கொண்டு தத்தம் நகருக்குத் திரும்பும். மாலையில் சென்னையில் போட்ட கடிதம் மறுநாள் காலை தில்லியை எட்டியது. ஓட்டக்காரர்கள் புறப்பட்ட அதே தென்புறச் சாலையின் ஓரத்திலிருந்து, ஒன்றரை நூற்றாண்டு கழித்துக் கடிதங்கள் வானில் பறந்தன. சென்னை விமான நிலையத்தின் அஞ்சல் எண் 600027.

அஞ்சல் குறியீட்டு எண்

ஊர்ப்பெயர்கள் பல இடங்களில் ஒன்றாக இருப்பதும், முகவரிகள் பல மொழிகளில் எழுதப்படுவதும் கடிதங்களைப் பிரிப்பதில் குழப்பம் தந்தன. இதற்குத் தீர்வாக மராட்டியத்தைச் சேர்ந்த அஞ்சல் துறை அதிகாரியும் சமற்கிருதக் கவிஞருமான ஸ்ரீராம் பிகாஜி வேலங்கர் ஆறிலக்க எண் முறையை வகுத்தார். அது 1972ஆம் ஆண்டு ஆகஸ்டு 15இல் நடைமுறைக்கு வந்தது. முதல் இலக்கம் மண்டலத்தைக் குறிக்கும். தமிழ்நாடும் கேரளமும் 6ஆம் மண்டலத்தில் உள்ளன. முதல் மூன்று இலக்கங்கள் சேர்ந்து கடிதம் பிரிக்கப்படும் வட்டாரத்தைக் குறிக்கும். கடைசி மூன்று இலக்கங்கள் கடிதத்தைப் பட்டுவாடா செய்யும் அஞ்சலகத்தைக் குறிக்கும். எல்லா அஞ்சலகங்களும் பட்டுவாடா செய்வதில்லை. கடிதம் வாங்குவது, சேமிப்பு வங்கி நடத்துவது ஆகியவற்றோடு நிற்கும் சிறு அஞ்சலகங்கள், தம் பகுதிக்குப் பட்டுவாடா செய்யும் அஞ்சலகத்தின் எண்ணையே கொண்டிருக்கும்.

சென்னை நகரில் அதற்கு முன்பே வட்ட எண்கள் வழக்கில் இருந்தன. மயிலாப்பூர் மதராஸ்-4, தியாகராய நகர் மதராஸ்-17. புதிய முறை வந்தபோது இவை 600004, 600017 என்று விரிந்தன. 43 முதல் 48 வரையான எண்கள் ஒரு சேரத் தென்புறநகரில் அமைந்தன: பல்லாவரம், குரோம்பேட்டை, தாம்பரம், விமானப்படை நிலையம், சானடோரியம், வண்டலூர். பெருங்களத்தூர் 63, சிட்லப்பாக்கம் 64, சேலையூர் 73, பம்மல் 75, மாடம்பாக்கம் 126 என மற்ற ஊர்கள் அவற்றுக்குப் பிந்திய எண்களைப் பெற்றன. படைமுகாமும் ஆலையும் மருத்துவமனையும் இருந்த ஊர்கள் ஒரு கொத்தாக நிற்க, ஏரியும் வயலுமாக இருந்து பின்னர் வீடுகளாக மாறிய ஊர்கள் பிந்திய எண்களில் நிற்பதை இப்பட்டியலில் காணலாம்.

எல்லையும் இங்கே தெளிவாகத் தெரிகிறது. வண்டலூர் 600048. அதை அடுத்துள்ள ஊரப்பாக்கம் 603210. ஒன்று சென்னையின் 600, மற்றது செங்கல்பட்டின் 603. ஆனால் அரசு நிர்வாகத்தில் இவ்விரு ஊர்களும் எப்போதும் ஒரே மாவட்டத்தில்தான் இருந்துள்ளன. அந்த மாவட்டம் முதலில் செங்கல்பட்டு, 1997இல் காஞ்சிபுரம், 2019ஆம் ஆண்டு நவம்பர் 29 முதல் மீண்டும் செங்கல்பட்டு. மதராஸ் என்ற பெயர் 1996இல் சென்னை ஆயிற்று. 1964இல் நகராட்சியான தாம்பரம், பல்லாவரம் முதலிய அண்டை ஊர்களுடன் இணைந்து 2021ஆம் ஆண்டு நவம்பர் 3இல் தனி மாநகராட்சி ஆனது. இத்தனை மாற்றங்களிலும் 600 என்ற முன்னெண் மாறவில்லை. தாம்பரத்தைச் சென்னை மாநகராட்சி தன்னோடு சேர்க்கவில்லை. அஞ்சல் வரைபடத்தில் அது சென்னையாகவே இருந்து வருகிறது. வேலைக்கு விண்ணப்பிப்பவரும் கடை திறப்பவரும் திருமண அழைப்பிதழ் அச்சிடுபவரும் தம்மைச் சென்னைக்காரராக எழுதிக்கொள்ள அந்த முன்னெண்ணே போதுமானதாக இருந்தது.

முகவரியும் தபால்காரரும்

புறநகரில் தெருப்பெயர்கள் எண்ணிக்கையில் மிகுதி, வகையில் குறைவு. காந்தி தெருவும் பாரதி தெருவும் முதல் குறுக்குத் தெருவும் ஏறக்குறைய ஒவ்வொரு நகரிலும் உண்டு. மனைப்பிரிவு எண், பழைய கதவு எண், புதிய கதவு எண் என ஒரே வீட்டுக்கு மூன்று எண்கள் இருப்பதும் வழக்கம். இந்நிலையில் கடிதம் உரிய இடம் சேர்வது தபால்காரரின் நினைவாற்றலைப் பொறுத்தது. காலையில் பைகள் வந்தவுடன் கடிதங்கள் பீட் வாரியாகப் பிரிக்கப்படும். பீட் என்பது ஒரு தபால்காரர் நாள்தோறும் சுற்றிவரும் பகுதி. ஒவ்வொருவரும் தம் பீட்டின் கடிதங்களைத் தாம் நடக்கும் வரிசையில் அடுக்கிக்கொண்டு புறப்படுவர். வீடு மாறியவர் எங்கே போனார், வாடகைக்கு இருப்பவரின் முழுப்பெயர் என்ன என்பவை எந்தப் பதிவேட்டிலும் இல்லாத, அவர் மட்டும் அறிந்த செய்திகள்.

நேர்முகத் தேர்வு அழைப்பு ஒரு நாள் தாமதமானால் வேலை போய்விடும். முதியோர் உதவித்தொகைப் பணவிடை வராவிட்டால் அந்த மாத அரிசிக்கு வழியில்லை. மழைக்காலத்தில் ஏரிநீர் புகும் தாழ்வான நகர்களிலும் பட்டுவாடா நடந்தாக வேண்டும். சிற்றூர் அஞ்சலகத்தின் மேல் மக்கள் வைத்த நம்பிக்கை இத்தகைய அன்றாடக் காரியங்களால் உருவானது.

இன்றைய நிலை

தந்திச் சேவை 2013ஆம் ஆண்டு ஜூலையில் நிறுத்தப்பட்டது. பழைய பணவிடை முறை 2015இல் முடிவுக்கு வந்து மின்னணுப் பணவிடை எஞ்சியது. பதிவு அஞ்சல், 2025ஆம் ஆண்டு செப்டம்பர் 1 முதல் விரைவு அஞ்சலுடன் இணைக்கப்பட்டது. தனிப்பட்ட கடிதங்கள் அரிதாகி, வங்கி அட்டைகளும் நீதிமன்ற அறிவிப்புகளும் பொதிகளும் தபால்காரரின் பையை நிரப்புகின்றன. சிறுசேமிப்புக் கணக்கு வைத்திருப்போரும் ஓய்வூதியர்களும் அஞ்சலகத்துக்குத் தொடர்ந்து வருகின்றனர்.

2025ஆம் ஆண்டு மே மாதம் அஞ்சல் துறை ‘டிஜிபின்’ என்ற புதிய முகவரி முறையை வெளியிட்டது. இந்தியாவின் பரப்பை ஏறத்தாழ நான்கு மீட்டர் பக்கமுள்ள கட்டங்களாகப் பிரித்து, ஒவ்வொன்றுக்கும் எழுத்தும் எண்ணும் கலந்த பத்து இடக் குறியீட்டை இது தருகிறது. தெருப்பெயர் தெரியாத இடத்துக்கும் அவசர ஊர்தி வழிதவறாமல் செல்ல இது உதவும். லாம்டன் பரங்கிமலையில் சங்கிலி பிடித்துத் தொடங்கிய அளவைப் பணியின் தொடர்ச்சி என்றும் இதைக் கொள்ளலாம்.

ஆறிலக்க எண்ணுக்கும் புதிய குறியீட்டுக்கும் ஒரு வேறுபாடு உண்டு. புதிய குறியீடு நிலத்தின் மேல் ஒரு புள்ளியைக் காட்டுகிறது. அஞ்சல் எண் ஓர் அஞ்சலகத்தைக் காட்டுகிறது. அந்த அஞ்சலகத்துக்கு ஒரு பெயர் உண்டு, அப்பெயருக்கு ஒரு வரலாறு உண்டு. குரோம் தோல் உலர்ந்த களமும், நோயாளிகள் வெயில் காய்ந்த தாழ்வாரமும் தாம்பரம் வட்டாரத்தில் இன்று இல்லை. அவை இருந்தன என்பதை 600044, 600047 என்று எழுதப்படும் ஒவ்வொரு உறையின் பெயர் வரியும் சொல்லிக்கொண்டிருக்கிறது.